1,200 ரூபாய் மிச்சம்

ஆடிப்பெருக்குக்குச் சென்னையிலிருந்து தங்கை குடும்பம் வருகிறது என்றதும், ஒகேனக்கல்லில் ஓர் இரவு தங்க இரண்டு அறைகள் பார்க்கும் பொறுப்பை நானே வலியப் போய் ஏற்றுக்கொண்டேன். கைப்பேசியில் ஒரே அறைக்கு இரண்டு விலை இருந்தது: முந்தைய நாள் வரை ரத்து செய்யலாம் என்றால் 3,000 ரூபாய், பணம் திரும்பத் தரப்படாது என்றால் 2,400 ரூபாய்.

"மழைக்காலம், அந்த அறுநூறைக் கொடுத்துத் தொலையுங்கள்" என்றாள் மனைவி.

"தருமபுரியில் ஒரு தூறல்கூட இல்லை" என்று சொல்லிப் பணத்தைக் கட்டிவிட்டேன்.

ஆனால் வயநாட்டில் பெய்யும் மழை கபினி அணையையும், குடகில் பெய்யும் மழை கிருஷ்ணராஜசாகரையும் நிரப்பிவிட்டால், உபரிநீர் பிலிகுண்டுலு வழியாக நம் தலையில்தான் வந்து இறங்கும். அந்த வாரம் முழுவதும் பல் துலக்கும் முன்பே நீர்வரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 12,000 கனஅடி, 28,000, 60,000 என்று டெல்டா விவசாயிகள் பூரித்த ஒவ்வோர் எண்ணும் என் வயிற்றைக் கலக்கியது. பரிசல் ஓட்டவும் அருவியில் குளிக்கவும் தடை விதித்த அன்று மாலையே தங்கை அழைத்தாள்.

"நாங்கள் வரவில்லை அண்ணா. திரும்பும் வழியில் பெங்களூருவில் போட்டிருந்த அறைக்குப் பணம் முழுவதும் வந்துவிட்டது. உங்களுக்கும் வந்திருக்குமே?"

"வந்துகொண்டே இருக்கிறது" என்றேன்.

விடுதிக்காரரிடம் பேசினேன். "அருவியில் தண்ணீரே இல்லை என்றால்கூடக் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது சார், இப்போது தேவைக்கு மேலேயே கொட்டுகிறதே" என்றார். தேதியை மாற்றித் தரும் சலுகையும் 3,000 ரூபாய்க்காரர்களுக்குத்தானாம்.

கட்டிய பணத்தை விட மனமில்லாமல், சொந்தக் கட்டிலை விட்டுவிட்டு 46 கிலோமீட்டர் தள்ளிப் போய்த் தூங்குவதற்காக நானும் மனைவியும் கிளம்பினோம். வரவேற்பு மேசையில் ஆதார் அட்டைகளை வாங்கிய இளைஞர், இரண்டிலும் தருமபுரி முகவரி இருப்பதைக் கண்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தார். திருமணமாகி 22 ஆண்டுகள் ஆகின்றன என்பதை நிரூபிக்க, மகளின் பள்ளி ஆண்டு விழாப் படத்தையெல்லாம் காட்ட வேண்டியிருந்தது.

"உள்ளூர்க்காரர்களுக்கு அறை தருவதில்லையே சார்" என்று இழுத்தார்.

என் முகம் மலர்ந்தது. "அப்படியானால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்றேன்.

மறுநொடியே இரண்டு சாவிகளும் மேசைக்கு வந்துவிட்டன. மனைவி அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு, "இன்றாவது குறட்டைச் சத்தம் இல்லாமல் தூங்குகிறேன்" என்று தனியாக மாடியேறிப் போய்விட்டாள். அந்த இளைஞர் ஆதார் அட்டைகளை இன்னொரு முறை எடுத்துப் பார்த்தார்.