அம்மா எனக்குக் கற்றுத் தராத தொழில்

சென்ற ஆண்டு, ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்று எடுப்பதற்காக அம்மாவை ஒரு கணினி மையத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். கைரேகைக் கருவியில் முதலில் வலது பெருவிரலை வைத்தாள், பதியவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தாள், இல்லை. பிறகு ஒவ்வொரு விரலாகப் பத்தும் வைத்துப் பார்த்தாயிற்று. மையத்திலிருந்த பெண் திரையிலிருந்து கண்ணை எடுத்து, "பீடி சுத்துனீங்களாம்மா?" என்று கேட்டாள். அம்மா தலையசைத்ததும் என் பக்கம் திரும்பி, "எங்கம்மாவுக்கும் விழாதுக்கா" என்றாள்.

எங்கள் ஊர் முக்கூடலுக்கும் ஆலங்குளத்துக்கும் இடையில் இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையின் இந்தப் பகுதியில் பீடி இலையின் வாடை இல்லாத தெருவைக் காண்பது அரிது. அந்த இலை இங்கே விளைவதில்லை. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளில் கோடைக்காலத்தில் பறித்துக் காயவைக்கப்பட்டு மூட்டை மூட்டையாக வருகிறது. பீடிக்கடையில் எடை போட்டுத் தரும் இலையையும் புகையிலைத் தூளையும் வாங்கி வந்து, இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, பதமானதும் தகட்டை வைத்து அளவாகக் கத்தரித்து, சொளகை, அதாவது முறத்தை, மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், அம்மா எழுந்திருப்பது உலை வைக்கவும் எங்களுக்குச் சோறு போடவும் மட்டும்தான். ஓர் இலை, ஒரு சிட்டிகைத் தூள், ஓர் உருட்டு, நூலால் ஒரு சுற்று, முனையில் ஒரு மடக்கு. இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. நாற்பது கட்டு சேர்ந்தால் ஆயிரம். ஆயிரம் என்பது எங்கள் தெருவில் எண்ணாக இருக்கவில்லை. ஒரு நாளின் பெயராக இருந்தது. "இன்னைக்கு ஆயிரம் ஆச்சா?" என்று கேட்டால் பொழுது முடிந்ததா என்று பொருள்.

இந்த வேலையின் அநியாயங்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இலை மோசமாக வந்து, கொடுத்த எடைக்கு ஆயிரம் தேறாவிட்டால், குறைகிற இலையைக் கைக்காசு போட்டு வெளியே வாங்க வேண்டும். கடையில் கழித்துப் போடும் பீடிக்குக் கூலி கிடையாது. கழித்த பீடி என்ன ஆகிறது என்று கேட்கவும் முடியாது. அம்மா இதைப் பற்றிப் பெரிதாகப் புலம்பி நான் கேட்டதில்லை. அவளுடைய ஒரே பிடிவாதம் வேறொன்றில் இருந்தது.

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைகள் ஏழெட்டு வயதில் தாயின் சொளகு ஓரத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். முதலில் முனை மடக்குவது, பிறகு நூல் கட்டுவது, பிறகு இலை வெட்டுவது என்று படிப்படியாகக் கை பழகி, பத்துப் பன்னிரண்டு வயதில் தாமே சுற்றத் தொடங்கிவிடுவார்கள். அம்மாவும் அப்படித்தான் பழகினாள். பெண் பார்க்க வருகிறவர்கள் "பிள்ளைக்குப் பீடி சுத்தத் தெரியுமா, நாளைக்கு எத்தனை சுத்தும்?" என்று நகைக்கு முன்னால் விசாரித்த காலம் அது. வீட்டிலிருந்தே சுற்றுகிற பெண்களும் தொழிலாளர்கள்தான், அவர்களுக்கும் சேமநல நிதி உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1985இல் தீர்ப்புச் சொன்ன பிறகு, பி.எஃப். பிடித்தம் உள்ள பாஸ்புத்தகம் ஒரு பெண்ணுக்குச் சீதனம் மாதிரி ஆகிவிட்டது.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் ஆச்சி எனக்கென்று ஒரு சின்னச் சொளகு வாங்கி வந்தாள். எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. என் வயதுப் பிள்ளைகளெல்லாம் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து, திருநெல்வேலி வானொலியைக் கேட்டுக்கொண்டு மடக்குவதை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அம்மா அந்தச் சொளகை வாங்கி ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு எழுந்து போய் அதைக் கூரைமேல் எறிந்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து சுற்றத் தொடங்கினாள்.

"பொட்டப்பிள்ளைக்கு இது தெரியாம எந்த வீட்டுல போயிப் பொழைக்கும்?" என்று ஆச்சி கத்தினாள். அம்மா நிமிரவில்லை. "அவ கை இதுல விழ வேண்டாம்" என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு விளக்கமும் அவள் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. அந்தச் சொளகு இரண்டு மழைக்காலம் ஓட்டின்மேல் கிடந்து மக்கியது.

அந்த முடிவுக்கு அவள் கொடுத்த விலை எனக்குப் புரிய நெடுங்காலம் ஆயிற்று. எதிர்வீட்டு அத்தைக்கு இரண்டு மகள்கள். ஒருத்தி மடக்க, ஒருத்தி கட்ட, மாலை ஐந்து மணிக்கெல்லாம் அந்த வீட்டில் ஆயிரம் முடிந்துவிடும். எங்கள் வீட்டில் அம்மா ஒருத்தியே வெட்டி, சுற்றி, கட்டி, மடக்கி முடிக்கும்போது இரவு பத்து மணிக்குக் குறையாது. நான் இப்போது கணக்குத் தணிக்கை அலுவலகமொன்றில் வேலை பார்க்கிறேன். தொழில் புத்தி போகாது என்பார்கள். ஒருநாள் இதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் கூட இருந்து உதவியிருந்தால் நாளுக்கு இரண்டு மணி நேரமாவது அவளுக்கு மிஞ்சியிருக்கும். ஆண்டுக்கு முந்நூறு வேலை நாள் என்று வைத்துக்கொண்டால், என் பத்து வயதிலிருந்து படிப்பு முடித்த இருபத்தொன்று வரை ஆறாயிரத்து அறுநூறு மணி நேரம். அவள் உறங்கியிருக்க வேண்டிய, முதுகைச் சுவரில் சாய்த்திருக்க வேண்டிய நேரம்.

அந்த மணி நேரங்களில் நான் என்ன செய்தேன் என்றால், தார்சாவில், அதாவது வீட்டின் முன்கூடத்தில், அவளுக்கு எதிரே உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். மனத்துக்குள் படிக்க அனுமதி கிடையாது. அம்மா மூன்றாம் வகுப்பு வரை போனவள். நான் வாசிக்கும் அறிவியலோ வரலாறோ அவளுக்கு எட்டாது என்று நினைத்து ஓரிடத்தில் இரண்டு வரியை விழுங்கிவிட்டுத் தாண்டினால், கை நிற்காமலே, "அந்த எடத்தத் திரும்பப் படி" என்பாள். எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன். "தெரியாத எடம் வந்தா உன் சத்தம் எறங்குது" என்றாள். இன்றும் அலுவலகக் கூட்டங்களில் எனக்கே தெளிவில்லாத ஒன்றைப் பேச நேரும்போது என் குரல் இறங்குவது எனக்குக் கேட்கிறது.

இதையெல்லாம் சொல்பவள் அன்றைக்கு நல்ல மகளாக இருந்தாளா என்றால், இல்லை. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் நலத்துறையின் கல்வி உதவித்தொகை உண்டு. ஒன்பதாம் வகுப்பில், நகரத்துப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருந்த ஆண்டு, அதற்குரியவர்களை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நான் எழவில்லை. தூள் வாடை என் பாவாடையில் வீசுகிறதோ என்ற பயத்திலேயே அந்த ஆண்டு முழுவதையும் கழித்தவள் நான். பணம் வராமல் போனதை எதிர்வீட்டு அத்தையின் வாயிலாக அம்மா தெரிந்துகொண்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த ஆண்டு விண்ணப்பம் கொடுக்கும் நாளில், நான் சொல்லாமலே, கடையிலிருந்து வாங்கிய அடையாள அட்டையை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு வகுப்பு வாசலில் வந்து நின்றாள். "பீடி சுத்துதேன் சார். இது என் மவ" என்றாள். குரல் கொஞ்சமும் இறங்கவில்லை.

அம்மாவுக்கு நான் ஒருநாளும் "நன்றி" என்று சொன்னதில்லை. எங்கள் வீடுகளில் அந்தச் சொல் மேடைக்கும் திருமணப் பத்திரிகைக்கும் உரியது. சோறு போட்ட கையைப் பார்த்து அதைச் சொன்னால் அவள் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். அதனால்தான் அவள் வாசிக்காத இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கணினி மையத்துக் கதையை முடித்துவிடுகிறேன். கைரேகை விழாதவர்களுக்கு இப்போது கைப்பேசியிலேயே முகத்தைக் காட்டிச் சான்று எடுக்கும் வழி இருக்கிறது. அந்தப் பெண் செயலியைத் திறந்து, "கண்ணை ஒரு தடவை சிமிட்டுங்கம்மா" என்றாள். அம்மா சிமிட்டினாள்; பச்சை வட்டம் வந்தது. "இம்புட்டுதானா? கண்ணச் சிமிட்டுனா உசிரோட இருக்கேன்னு நம்பிருவானா?" என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள். அந்தச் சிமிட்டலுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். பி.எஃப். பிடித்தம் உள்ளவர்களுக்கு 2014இல் நிர்ணயித்த குறைந்தபட்ச ஓய்வூதியம் அது. ஒரு காலத்தில் ஒரு நாளின் பெயராக இருந்த அதே ஆயிரம்.

வீடு திரும்பியபோது எதிர்வீட்டு அத்தை திண்ணையில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் மகள்கள் இருவரும் கட்டிக் கொடுத்த ஊர்களில் இன்னும் சுற்றுகிறார்கள். அவளருகே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கையில், சொளகிலிருந்து வெட்டிய இலை ஒன்றை எடுத்து, எப்படித்தான் உருட்டுகிறார்கள் பார்ப்போம் என்று விரலில் வைத்துப் பார்த்தேன். முப்பத்தேழு வயதாகிறது எனக்கு. அம்மா அப்படியே என் புறங்கையில் ஓர் அடி வைத்தாள். இலை கீழே விழுந்தது.

"போ, கையக் கழுவு. சாப்பிடணும்" என்றாள்.