அசலிலிருந்து எடுத்த அச்சு

கோப்ரா என்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரின் நகல்களை, அதாவது ரெப்ளிகாக்களை, செய்யும் எங்கள் கம்பெனியின் வரலாற்றை நாலு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். கணக்கும் கடிதப் போக்குவரத்தும் பார்க்கிறவனுக்கு இதுவும் வரும் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். மூன்று பக்கம் தடையில்லாமல் ஓடியது. ஜாகுவார் எக்ஸ்ஜே6-இன் சஸ்பென்ஷன், ரோவர் வி8 எஞ்சின், நாங்களே வெல்டிங் செய்த சேஸிஸ் என்று எழுதுவதற்கு நிறைய இருந்தது. நின்றது ஒரே வாக்கியத்தில்: "எங்கள் கோப்ரா பாடியின் அச்சு அசல் காரிலிருந்து நேரடியாக எடுக்கப்பட்டது." அச்சு என்றால் பாடியை வார்த்தெடுக்கும் மோல்டு.

அச்சுப் பட்டறையில் முதல் நாளிலிருந்து இருப்பவரிடம் இதைக் காட்டினேன். சிரித்துவிட்டார். "அசல் காரை யாரு தம்பி நம்மகிட்ட குடுப்பா? இன்னொரு கம்பெனியோட ரெப்ளிகா பாடி ஒண்ணை வாங்கி, மெழுகு பூசி, அது மேலயே அச்சு எடுத்தோம்."

முதலாளியிடம் போனேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. "உண்மைதான். ஆனா அவங்களோ, அவங்களுக்கு முன்னாடி வேற யாரோ, அசல்லேர்ந்துதானே எடுத்திருப்பாங்க? அப்போ நம்மளுதும் அசல்லேர்ந்து வந்ததுதானே?" என்றார். அந்த நேரத்தில் எனக்குப் பதில் வரவில்லை. இப்போதும் முழுசாக வரவில்லை.

ஃபைபர் கிளாஸில் இந்தக் காரியம் சுலபம். பாடியின் மேல் மெழுகைத் தேய்த்து, ஜெல்கோட் என்ற மேல்பூச்சைப் பூசி, ரெசினில் நனைத்த கண்ணாடி இழை மேட்டை அடுக்கடுக்காக ஒட்டி, ரோலரால் காற்றுக் குமிழிகளை வெளியேற்றி, இறுகியதும் பிரித்தெடுத்தால் அச்சு தயார். தகட்டை அழுத்தி வளைக்கும் பெரிய பிரஸ் எதுவும் வேண்டாம். இந்த வசதி இல்லையென்றால் எங்களைப் போன்ற சின்னக் கம்பெனிகளே கிடையாது. ஆனால் ரெசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். நகலுக்கு நகல் எடுத்தால் அந்தச் சுருக்கமும் சேரும், முதல் பாடியின் கோணலும் கூடவே வரும். எங்கள் பாடியின் இடது முன் ஃபெண்டரில், அதாவது முன்சக்கரத்தை மூடும் பகுதியில், ஹெட்லைட்டுக்கு மேலே ஓர் இடம் லேசாகத் தட்டையாக இருக்கும். ஒவ்வொரு பாடியிலும் அதை ஃபில்லர் வைத்து முடிந்தவரை சரி செய்கிறோம்.

முதலாளி பக்கமும் யோசித்துப் பார்த்தேன். எது அசல்? 1962-இல் கரோல் ஷெல்பி என்ற அமெரிக்கர், இங்கிலாந்தின் ஏசி கம்பெனி செய்த ஏஸ் காரை எடுத்து, அதில் ஃபோர்டு வி8 எஞ்சினைப் பொருத்தினார். கோப்ராவே இன்னொரு காரின் மேல் பிறந்ததுதான். அந்த அலுமினிய பாடிகளைக் கையால் வளைத்துச் செய்தார்கள். ஒன்றைப் போல இன்னொன்று அச்சாக இருக்காது. 1957-இல் ஜாகுவாரின் பிரவுன்ஸ் லேன் தொழிற்சாலைத் தீயில் எக்ஸ்கேஎஸ்எஸ் என்ற ஸ்போர்ட்ஸ் கார்கள் ஒன்பது எரிந்தன. அந்த ஒன்பதையும் புதிதாகக் கட்டித் தருவதாக 2016-இல் ஜாகுவாரே அறிவித்தது. தயாரித்தவனே அறுபது வருடம் கழித்து நகல் செய்யலாம் என்றால், அப்புறம் எங்களை மட்டும் என்ன சொல்வது? வாங்குகிறவரும் ஏமாறவில்லை. ரெப்ளிகா என்று தெரிந்துதான் வாங்குகிறார்.

ஆனாலும் லோட்டஸ் செவன் என்ற ஸ்போர்ட்ஸ் காரை எடுத்து நடத்த வந்த கேட்டர்ஹாம் கம்பெனி, 1973-இல் அதைத் தயாரிக்கும் உரிமையை முறையாக வாங்கியது. நாங்கள் காசு கொடுத்தது ஒரே ஒரு பாடிக்கு.

இவ்வளவும்கூட எனக்குப் பெரிதாகத் தோன்றியிருக்காது. ஆனால் சில வருடங்களுக்கு முன் ஒருவர் எங்கள் பாடியை நகலெடுத்து விற்கிறார் என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம். அதற்கான விவரங்களைத் தட்டச்சு செய்து கொடுத்தது நான். "பல வருட உழைப்பில் நாங்கள் உருவாக்கிய வடிவம்" என்ற வரி என்னுடையது. ஆதாரமாக நாங்கள் காட்டியது, அவருடைய பாடியிலும் இடது ஃபெண்டரில் அதே தட்டை. அதுவே நாங்கள் வாங்கிய பாடியில் இருந்த கோணல் என்று அப்போது எனக்குத் தெரியாது. முதலாளிக்கு நிச்சயம் தெரியும். அல்லது, சொல்லிச் சொல்லி அவருக்கே அது எங்கள் கோணலாகிவிட்டதா? அவர் பொய் சொல்கிறவர் இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

கடைசியில் "அசல் கோப்ராவின் வடிவத்தைப் பின்பற்றி உருவாக்கிய அச்சு" என்று எழுதினேன். பொய் இல்லை. முதலாளி படித்துவிட்டு, இது இன்னும் நன்றாக இருக்கிறதே என்றார். அவருக்குப் பிடித்ததுதான் என்னைச் சந்தேகப்பட வைத்தது.

பட்டறைக்காரரிடமும் காட்டினேன். அந்த வாக்கியத்தில் அவர் நிற்கவே இல்லை. "அச்சு எங்கேர்ந்து வந்தா என்ன தம்பி, இத்தனை வருஷமா அந்தத் தட்டையை நிமிர்த்துறவனைப் பத்தி ரெண்டு வரி போட்டிருக்கலாம்," என்றார். போடலாம்தான். போட்டால் தட்டை எங்கிருந்து வந்தது என்றும் சொல்ல வேண்டியிருக்கும்.