திரைச்சீலைக்குப் பிறப்புச் சான்றிதழ்

மகளின் பெயரை ஒருவழியாக ஐந்தாம் நாள் பதிந்துவிட்டேன். நாங்கள் இருக்கும் ரெயூனியன் இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவு, இங்கே பிரெஞ்சுச் சட்டம்தான்: பிறந்த நாளைக் கணக்கில் சேர்க்காமல் 5 நாள் கெடு, தவறினால் நீதிமன்றம்.

முதல் இரண்டு நடையும் வீண், தப்பு என்னுடையதே. குடியிருக்கும் ஊர் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், போய் நின்றேன். பிள்ளை பிறந்த ஊர் மேரியில்தான் பதிய வேண்டுமாம். புதுச்சேரிக்காரனுக்கு இதுகூடத் தெரியவில்லை! மறுநாள் அங்கே போனால், மருத்துவமனை கொடுத்த தாள் வீட்டு மேசையில் கிடக்கிறது.

மூன்றாம் முறை பெயரில் மாட்டினேன். ‘எழினி’ என்றதும் கவுண்ட்டர் அம்மாள் பொருள் கேட்டார். நானும் சும்மா இராமல் ‘அழகு’ என்றேன். கைபேசியில் தட்டிப் பார்த்தவர், “ரிதோ என்றல்லவா வருகிறது?” என்றார். ரிதோ என்றால் திரைச்சீலை.

அவர் சொன்னது சரிதான். எழில் வேறு, எழினி வேறு. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் அரங்குக்கு ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று திரைகள். போதாததற்கு, சங்க காலத்தில் அது ஆண் பெயர். அதியமானின் மகன் பொகுட்டெழினி. இதையெல்லாம் பிரெஞ்சில் விளக்கப் போய், பின்னால் வரிசை முனக ஆரம்பித்துவிட்டது.

“பிள்ளைக்குக் கெடுதல் என்று தோன்றினால் அரசு வழக்கறிஞருக்கு எழுதுவேன்” என்றார். எழுதட்டும். 1993 சட்டத்துக்குப் பிறகு அவர் மறுக்க முடியாது, பதிந்துவிட்டுத்தான் எழுத முடியும். அதைச் சொன்னதும் குரல் இறங்கியது. அந்தக் காலத்தில் இந்தப் பேச்சு எடுபட்டிருக்காது. என் மாமியாருக்குக் காகிதத்தில் ஒரு கிறிஸ்தவப் புனிதர் பெயர், கோயில் அர்ச்சனைக்கு ஒரு தமிழ்ப் பெயர்.

அப்புறம் ழகரம். இசட், எச் போட்டால் ‘எசினி’. எல் போட்டால் ‘எலினி’. தமிழையே ‘தமூல்’ ஆக்கியவர்களிடம் ழகரத்துக்கு மல்லுக்கட்டி என்ன பயன்? இசட், எச் போதும் என்றேன். அந்த அம்மாள் முதல் எழுத்தான ‘E’யின் தலையில் எகர ஒலி தரும் கோட்டைப் போடாமல் தட்டிவிட்டு ‘ஒசினி’ என்று வாசித்தார். ஓசியில் வந்த பிள்ளை மாதிரி! கையெழுத்துக்கு முன் வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். போட்ட பிறகு திருத்துவது தனி அலைச்சல்.

வீட்டுக்கு வந்ததும், “கண் ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது?” என்றாள் மனைவி. போர்க்களத்திலிருந்து நேரே வந்து பிள்ளையைப் பார்த்த அதியமானுக்கும் கண் சிவப்பு ஆறவில்லை என்று ஔவையார் பாடியிருக்கிறார். நான் வந்தது மேரியிலிருந்து.