அம்மா வருமுன்னரே மாற்றியிருக்க வேண்டிய கைபிடி

அம்மா கனடாவுக்கு வருவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே நாங்கள் ஆயத்தங்களைத் தொடங்கிவிட்டோம். பெற்றோர் பிள்ளைகளிடம் நெடுநாள் வந்து தங்குவதற்கான சுப்பர் விசாவுக்கு வேண்டிய வருமானச் சான்றுகளைத் தேடிச் சேர்த்தோம்; குறைந்தது 100,000 டொலர் காப்புள்ள மருத்துவக் காப்புறுதியை ஓராண்டுக்கு எடுத்தோம்; குளிர்கால மேலங்கியையும் சப்பாத்தையும் அளவு கேட்டு வாங்கி வைத்தோம். ஸ்காபரோவில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் பேஸ்மென்ட் வீட்டின் சின்ன அறையை அவருக்காக ஒழித்துக் கொடுத்து, படியிறங்கும் இடத்தில் கூடுதலாக ஒரு விளக்கும் பொருத்தினோம். கதவுக் குமிழ்களைப் பற்றி மட்டும் எங்களில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

நாங்கள் நாள்தோறும் ஐம்பது முறை திருப்பித் திறக்கிற சாமான் என்பதாலேயே அது எங்கள் கண்ணில் படாமல் போயிருக்க வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்கும் உருண்டையான, பித்தளை நிறக் குமிழ்கள் அவை. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தின் பழைய வீடுகளில் பெரும்பாலும் இவைதான் இருக்கும். அம்மா வாழ்ந்த யாழ்ப்பாணத்து வீட்டிலோ கதவு என்றால் கொண்டியும் தாழ்ப்பாளும்தான். ஒரு விரலால் தள்ளினாலே நகர்ந்துவிடும். அறுபத்தொன்பது வயதான அவருடைய பெருவிரல்களின் அடிமூட்டு இரண்டும் வீங்கி, விரல்கள் முழுதாக மடங்காத நிலைக்கு வந்து பல வருடங்கள் ஆகின்றன. உருண்டைக் குமிழோ ஐந்து விரல்களாலும் இறுக்கிப் பிடிக்கவும் வேண்டும், பிடித்த பிடி வழுக்காமல் மணிக்கட்டைத் திருப்பவும் வேண்டும் என்று கேட்கிறது. மூட்டு தேய்ந்த கை எந்த இரண்டு வேலைகளுக்கு ஏலாதோ அந்த இரண்டையும் ஒன்றாகக் கேட்கிற கைபிடி அது.

அவர் வந்த நான்காம் நாள் காலை, குளிக்கப் போனவர் வெளியே வரவில்லை. கணவர் இரவு வேலை முடிந்து இன்னும் வீடு திரும்பியிருக்கவில்லை. கதவுக்கு அப்பாலிருந்து மெல்லிய குரலில், "பிள்ளை, உது திரும்புதில்லை" என்றார். உட்பக்கக் குமிழின் நடுவிலிருந்த பொத்தானை அழுத்திப் பூட்டியிருக்கிறார். உள்ளிருந்து குமிழைத் திருப்பினாலே பூட்டு தானாக விடுபட்டுவிடும். ஆனால் சவர்க்காரம் பட்ட ஈரக் கையில் அது சுழன்று சுழன்று வழுக்கியிருக்கிறது. துவாயால் பிடித்துத் திருப்பச் சொன்னேன். அதற்கும் அவருடைய விரல்கள் இடம் கொடுக்கவில்லை. கதவு உட்பக்கமாகத் திறப்பது, பிணைச்சல்களும் உள்ளேதான். வெளியில் நின்ற எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. கடைசியில் மேல்மாடியில் இருக்கும் வீட்டுக்கார அண்ணைக்குத் தொலைபேசியில் சொன்னபோது, கதவு நிலையின் மேல்விளிம்பைத் தடவிப் பார்க்கச் சொன்னார். தூசிக்குள் மெல்லிய கம்பி ஒன்று கிடந்தது. வெளிப்பக்கக் குமிழின் நடுவிலுள்ள சிறிய துளைக்குள் அதை நேராகச் செருகி அழுத்தியதும் பொத்தான் விடுபட்டது. அந்தத் துளை எதற்கென்று அந்த வீட்டில் குடியிருந்த மூன்று ஆண்டுகளில் நான் ஒருமுறையேனும் கேட்டதில்லை. இதை வாசிக்கிறவர்கள் தங்கள் குளியலறைக் கதவின் வெளிப்பக்கத்தை இன்றைக்கே ஒருமுறை பார்த்து, அந்தத் துளைக்குப் பொருந்தும் கம்பி ஒன்றை எட்டும் இடத்தில் வைத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா உள்ளே இருந்தது இருபது நிமிடங்கள்தான். ஆனால் அன்றிலிருந்து அவர் குளியலறைக் கதவைச் சாத்துவதே இல்லை. ஒரு கை அகலத்துக்குத் திறந்து வைத்து, பேத்தியை வெளியே காவலுக்கு நிறுத்திவிட்டுத்தான் உள்ளே போவார். மகள் பள்ளிக்கூடம் போன பிறகு, நாங்கள் யாராவது வீட்டுக்கு வரும்வரை தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார் என்பது எனக்கு ஒரு வாரம் கழித்தே தெரிந்தது. தன் வீட்டில் தனியாக இருந்து எல்லா வேலையும் பார்த்த மனுசி, ஒரு குமிழுக்குப் பயந்து தாகத்தை அடக்கிக்கொண்டிருந்தார் என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

குமிழை அகற்றி, கீழே அழுத்தித் திறக்கும் நீண்ட பிடியைப் பொருத்துவது என்று முடிவு செய்தேன். அந்தப் பிடிக்கு விரல்களே தேவையில்லை. மடக்கிய கையால், முழங்கையால், கைநிறைய உடுப்பு இருந்தால் முன்கையால்கூட அழுத்தலாம். எங்கள் குமிழின் விட்டத்தை அளந்தபோது 2 1/4 அங்குலம் இருந்தது. அதாவது நடுவிலிருந்து விளிம்புக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். நான் வாங்கிய நீண்ட பிடியோ நடுவிலிருந்து நுனி வரை 4 1/2 அங்குலம். அச்சிலிருந்து நான்கு மடங்கு தள்ளி அழுத்துவதால், கதவு விளிம்பில் நீட்டி நிற்கும் அதே தாழை உள்ளிழுக்க நான்கில் ஒரு பங்கு விசையே போதும். இதை நன்கு உணர்ந்துதான் வன்கூவர் நகரசபை 2013 இல் தன் கட்டட விதிகளைத் திருத்தி, 2014 மார்ச் முதல் புதிதாகக் கட்டப்படும் வீடுகளில் உருண்டைக் குமிழ்களுக்குப் பதிலாக இத்தகைய பிடிகளையே பொருத்த வேண்டும் என்று ஆக்கியது. ஏற்கெனவே இருக்கும் வீடுகளை அந்த விதி தொடவில்லை. நம்மவர்களில் பலர் வாடகைக்கு இருப்பதோ பழைய வீடுகளில்தான். ஆகவே அங்கே மாற்றுகிற பொறுப்பும் நம் தலையில்தான் விழுகிறது.

வாடகை வீடு என்பதால் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. ஒன்ராறியோவின் 2006 ஆம் ஆண்டு குடியிருப்பு வாடகைச் சட்டத்தின் 35 ஆம் பிரிவு, வீட்டுக்குள் நுழையும் கதவின் பூட்டை வீட்டுக்காரரின் சம்மதமின்றி வாடகைக்கு இருப்பவர் மாற்றக் கூடாது என்கிறது. குளியலறைக் கதவு நுழைவாயில் அல்லதான். என்றாலும் அடுத்தவர் வீட்டுச் சாமானில் கை வைக்குமுன் ஒரு சொல் கேட்பதுதான் முறை என்று எனக்குப் பட்டது. வீட்டுக்கார அண்ணைக்குக் குறுஞ்செய்தியாக எழுதியே கேட்டேன். "செய்யுங்கோ தங்கச்சி, பழையதை மட்டும் எறிஞ்சு போடாதேங்கோ" என்று பதில் வந்தது. அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்திருக்கிறேன். வீடு மாறும்போது இப்படிப்பட்ட சின்ன விடயங்களில்தான் மனத்தாங்கல் வருகிறது. எழுத்தில் ஒரு வரி இருந்தால் இருவருக்கும் நல்லது.

வேலையைச் செய்து தர ஒருவரிடம் விலை கேட்டபோது, ஒரு கதவுக்கு 120 டொலர் என்றார். கடையில் பிடியின் விலை வரியோடு சேர்த்து 35 டொலருக்கும் குறைவு. நானே செய்து பார்ப்பதென்று போனேன். கடைக்குப் போனபின்தான் பெட்டிகளில் எழுதியிருக்கும் சொற்களுக்குப் பொருள் தெரியாதது எவ்வளவு இடைஞ்சல் என்று விளங்கியது. 'பாசேஜ்' என்றால் பூட்டே இல்லாதது, அலுமாரிக்கும் நடைவழிக்கும் உரியது. 'பிரைவசி' என்றால் உள்ளிருந்து பூட்டக்கூடியது, குளியலறைக்கும் படுக்கையறைக்கும் உரியது. 'என்ட்ரி' என்றால் திறப்புப் போட்டுத் திறக்கும் வெளிக்கதவுக்கானது. 'டம்மி' என்றால் தாழே இல்லாத வெறும் பிடி. முதலில் 'பாசேஜ்' வகையைத்தான் வாங்கி வந்தேன். மறுநாள் பற்றுச்சீட்டோடு போய் மாற்றினேன். பிடியின் நுனி கதவை நோக்கி வளைந்திருப்பதாகப் பார்த்து எடுக்கவும் வேண்டும். நேராக நீட்டிக்கொண்டிருந்தால் சேலைத் தலைப்பும் சால்வையும் மேலங்கிக் கையும் அதில் மாட்டி இழுக்கும். தள்ளாடி நடக்கும் ஒருவரை அந்த ஓர் இழுப்பே விழுத்திவிடும்.

அளவெடுத்துக்கொண்டு போனால் இரண்டாம் தரம் கடைக்கு அலைய வேண்டியதில்லை. கதவின் முகத்தில் இருக்கும் பெரிய துளை வழமையாக 2 1/8 அங்குலம், விளிம்பில் இருக்கும் சிறிய துளை ஓர் அங்குலம். முக்கியமானது கதவின் விளிம்பிலிருந்து பெரிய துளையின் நடுப்புள்ளி வரையுள்ள தூரம்: அது 2 3/8 அங்குலமாகவோ 2 3/4 அங்குலமாகவோ இருக்கும். இப்போது விற்கும் தாழ்கள் பலவற்றைச் சற்றே முறுக்கி இழுத்து இரண்டு அளவுக்கும் பொருத்தலாம். ஆனால் எல்லாமே அப்படியல்ல, ஆகவே அளந்து வைத்திருப்பது நல்லது.

சனிக்கிழமை காலை, அம்மா கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க, வேலையைத் தொடங்கினேன். பழைய குமிழில் திருகாணி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. கழுத்துப் பகுதியை மெல்லச் சுற்றிப் பார்த்தபோது நகக்கண் அளவில் ஒரு பிளவு தென்பட்டது. அதற்குள் ஒரு மெல்லிய கம்பியை அழுத்திக்கொண்டு இழுத்ததும் குமிழ் கழன்று கையோடு வந்தது. அதன் அடியிலிருந்த வட்டத் தகட்டை நெம்பி எடுத்தபின்தான் கதவை ஊடுருவிச் செல்லும் நீண்ட திருகாணிகள் இரண்டும் தெரிந்தன. அவற்றைக் கழற்றியதும் இரு பக்கத்துப் பாகங்களும் தனித்தனியே வந்துவிட்டன. கதவு விளிம்பிலிருந்த தாழை எடுக்கப் போனபோதுதான் தடை வந்தது. அந்தத் திருகாணிகளின் தலையில் நேர்க்கோடோ நட்சத்திரக் குறியோ இல்லை. சின்னச் சதுரக் குழி இருந்தது. ஊரிலிருந்து கொண்டு வந்த என் திருப்புளி எதுவும் அதற்குள் இறங்கவில்லை.

இது கனடாவுக்கே உரிய திருகாணி என்று பிறகுதான் அறிந்தேன். பீற்றர் றொபேட்சன் என்பவர் 1908 இல் இந்தச் சதுரக் குழியை உருவாக்கி, ஒன்ராறியோவின் மில்ரன் நகரில் தொழிற்சாலை வைத்துச் செய்து விற்றார். மொன்றியலில் வேறொரு திருப்புளியை விற்றுக்காட்டும்போது அது வழுக்கிக் கையை வெட்டியதால்தான் வழுக்காத திருகாணியைப் பற்றி அவர் யோசித்தார் என்று சொல்வார்கள். திருப்புளிகளின் பிடிகளுக்கு நிறமும் உண்டு: பச்சை சிறியது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு பெரியது. வீட்டு வேலைக்குப் பெரும்பாலும் சிவப்பு ஒன்றே போதும். திருகாணி அதன் நுனியில் கவ்விக்கொண்டு நிற்பதால், ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வேலை செய்யலாம். இந்த நாட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் வாங்கவேண்டிய முதல் கருவி இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

புதிய தாழை உள்ளே விடும்போது அதன் சாய்வான முகம் கதவு சாத்தும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். மாறிப் போட்டால் கதவு நிலையில் முட்டிக்கொண்டு நிற்கும். பிறகு வெளிப்பிடியின் தண்டைத் தாழின் துளைக்குள் செலுத்தி, உட்பிடியை அதோடு பொருத்தி, இரு திருகாணிகளையும் கொஞ்சம் கொஞ்சமாக மாறி மாறி இறுக்கினேன். மின் துளைப்பானால் ஒரேயடியாக முடுக்கினால் உட்பாகம் ஒருபக்கம் இழுபட்டு, பிடி திரும்பி வராமல் பாதியில் தொங்கிவிடும். எல்லாம் பொருத்தியதும் கதவைச் சாத்திப் பார்க்கத்தான் கை பரபரத்தது. அதைச் செய்யக் கூடாது. கதவு திறந்திருக்கும்போதே இருபக்கமும் அழுத்திப் பார்த்து, பூட்டிப் பார்த்து, கம்பி செருகி விடுவித்தும் பார்த்த பிறகே சாத்த வேண்டும்.

சாத்தியபோது தாழ், கதவு நிலையில் பதித்திருந்த தகட்டின் ஓட்டைக்குள் விழவில்லை. எங்கே முட்டுகிறது என்று அறிய, மகளின் சிவப்பு மெழுகுக் கட்டியைத் தாழின் நுனியில் பூசிக் கதவை மெல்லச் சாத்தினேன். ஓட்டைக்கு ஒரு நூல் கீழே சிவப்புக் கோடு விழுந்திருந்தது. தகட்டைக் கழற்றி அந்த அளவுக்குக் கீழே இறக்க வேண்டியிருந்தது. பழைய ஆணித்துளைகள் தளர்ந்திருந்ததால், பல்குத்தும் குச்சிகளை மரப்பசையில் தோய்த்துச் செருகி, காய்ந்தபின் ஒட்ட நறுக்கி, அவற்றின் மேலே திருகாணியை முடுக்கினேன். இரண்டரை மணித்தியாலத்தில் முடிந்த வேலையில் ஒரு மணித்தியாலம் இதற்கே போனது.

அதன்பின் அம்மாவின் அறைக் கதவையும் மாற்றினேன். அது முக்கால் மணித்தியாலத்துக்குள் முடிந்தது. வெளிவாசலின் பூட்டை வீட்டுக்கார அண்ணையே வந்து மாற்றி, ஒரு திறப்பைத் தனக்கு வைத்துக்கொண்டு இரண்டை எங்களிடம் தந்தார். பழைய குமிழ்கள் அவற்றின் திருகாணிகளோடு, எந்தக் கதவினது என்று எழுதிய பைகளில் அலுமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன.

புதிய பிடி வந்த பிறகும் அம்மா உடனே கதவைச் சாத்திவிடவில்லை. முதல் நாள் வெளியே நின்று முழங்கையால் நாலைந்து தரம் அழுத்திப் பார்த்தார். அடுத்த சில நாட்கள் பேத்தியை நிறுத்தி வைத்து உள்ளே போய், கதவைச் சாத்தி, உடனே திறந்து வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டார். ஏறக்குறைய மூன்று வாரங்களின் பின், நான் வேலைக்குப் போக ஆயத்தமாகிக் குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு காலை, குளியலறைக் கதவு சாத்தப்படும் சத்தமும், அதைத் தொடர்ந்து உள்ளே பூட்டும் பொத்தானின் 'டிக்' என்ற சத்தமும் கேட்டன. மகள் அப்போது மேசையில் இருந்து பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.