நாலடிச் சாய்தளம்

ஓய்வூதிய வேலையாக அப்பாவைச் சக்கர நாற்காலியில் ஓர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். வாசலில் சாய்தளம் இருந்தது. சந்தோஷம்! ஆனால் ஒன்றரை அடி உயரத்துக்கு நாலடி நீளம்தான். ஓரடி உயரத்துக்கு 12 அடி என்பது கணக்கு. 18 அடி வேண்டும். நான் தள்ள, வாட்ச்மேன் அண்ணன் முன்னால் இழுக்க, அப்பா கைப்பிடியை இறுக்கிக்கொண்டார். குறுக்கே ஒரு பைக் வேறு.

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம், விதிகள் வந்து ஐந்து வருடத்துக்குள் பழைய பொதுக் கட்டடங்களையும் மாற்றுத்திறனாளிகள் வந்துபோக ஏற்றபடி மாற்றச் சொன்னது. விதிகள் வந்தது 2017-இல். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இந்த வசதிகளுக்கு வெறும் பரிந்துரை போதாது, கட்டாய விதியாக்குங்கள் என்று மத்திய அரசுக்கு மூன்று மாதம் கெடு கொடுத்தது. சரி, சாய்தளத்துக்கு அது தெரியுமா?

இறங்கும்போது பின்பக்கமாக இறக்கினோம். “அடுத்த வருஷம் நீ மட்டும் வந்தா போதாதாடா?” என்றார் அப்பா.