கியூஎமு காட்டாத வரிசைக் குலைவு

இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் ஒன்றை, சிறியதாக, எழுதி வருகிறேன். சீரியல் வயர் வழியே எழுத்து அச்சிடும், டைமர் குறுக்கீட்டைப் பிடிக்கும், செயலியின் பல கோர்களில் (தனித்தனியாக இயங்கும் கணக்கிடும் பகுதிகளில்) ஓடும். அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. எக்ஸ்86, 64 பிட் ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் ஆகிய மூன்று செயலி வகைகளிலும் ஓட வேண்டும். ஹட்டனில் இருந்துகொண்டு மூன்று வகைப் பலகைகளையும் வாங்கி அடுக்க என்னிடம் பணமில்லை. ஆகவே இதுவரை எல்லாம் மடிக்கணினியில், வேறு கணினிகளைப் போல நடிக்கும் கியூஎமு மென்பொருளில்தான்.

பெரும்பாலான வேலைக்கு அது போதும். எக்ஸ்86இல் சீரியலுக்குத் தனி ஐ/ஓ போர்ட். மற்ற இரண்டிலும் அது நினைவக முகவரி. கியூஎமுவின் 'விர்ட்' கணினியில் ஆர்முக்கு பிஎல்011 சில்லு, ரிஸ்க்-ஃபைவுக்கு 16550 என்ற சீரியல் சில்லு. இத்தகைய வேறுபாடுகளை கியூஎமு ஒளிக்காது. நினைவக வரிசையில், அதாவது ஒரு கோர் எழுதியவை மற்றக் கோர்களுக்கு எந்த வரிசையில் தெரிகின்றன என்பதில்தான், அதை நம்ப முடியாது.

ஒரு கோர் முதலில் தரவையும் பிறகு 'தரவு தயார்' என்று சொல்லும் கொடியையும் எழுதுகிறது. இன்னொரு கோர் கொடியைப் பார்த்துவிட்டுத் தரவைப் படிக்கிறது. எக்ஸ்86இல் கொடி புதிதாகவும் தரவு பழையதாகவும் தெரியவே தெரியாது. ஆர்மில் தெரியலாம்: கொழுந்து தராசுக்கு வருமுன்பே தோட்டத்துப் பதிவேடான செக்ரோலில் எடை விழுந்த மாதிரி. என் மடிக்கணினி எக்ஸ்86. அதன்மேல் ஓடும் போலி ஆர்மும் அதே ஒழுங்கில்தான் நடக்கிறது. இந்த வரிசையைக் காக்கும் தடைக் கட்டளைகளை வேண்டுமென்றே நீக்கி இரவு முழுவதும் ஓடவிட்டேன். ஒரு பிசகும் வரவில்லை.

தம்பி கொழும்புக்குப் போனபோது புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ராஸ்பெரி பை 4 என்ற சிறிய ஆர்ம் கணினிப் பலகை ஒன்று வாங்கி வந்தான். நான்கு கோர்டெக்ஸ்-ஏ72 கோர்கள். "திரை எங்கே அண்ணா?" என்று கேட்டான். சீரியல் வயரைக் காட்டினேன், முகம் சுருங்கிவிட்டது.

தொடக்கத்தில் முதல் கோர்தான் கெர்னலுக்குள் வரும். மற்ற மூன்றும் 224, 232, 240 ஆகிய முகவரிகளில் ஏதாவது எழுதப்படுகிறதா என்று பார்த்துக்கொண்டு தூங்கும். தாவ வேண்டிய முகவரியை அங்கே எழுதி 'எஸ்இவி' கட்டளையால் எழுப்ப வேண்டும். அடுத்து, நினைவக முகவரிகளை மேலாளும் எம்எம்யூ. அது அணைந்திருக்கும்வரை ஆர்ம் எல்லா நினைவகத்தையும் சாதனங்களின் முகவரி போல, சாதன வகையாகவே நடத்தும். அந்த நிலையில் சாதாரண நினைவகத்தின் வரிசைக் குலைவைச் சோதிப்பதற்குப் பொருளில்லை. எந்த முகவரி எந்த வகை என்று சொல்லும் பக்க அட்டவணை எழுதி, சாதாரண நினைவகமாக அறிவித்து, வேகமான இடைநினைவகமான கேஷையும் இயக்கினேன். வேலையில் பாதி இதுதான். தரவையும் கொடியையும் 64 பைட்டுக்கு மேல் தள்ளி, வெவ்வேறு கேஷ் வரிகளில் வைத்தேன். முக்கியமான நிரல் வரிகளை அசெம்பிளியிலேயே எழுதினேன். இல்லாவிட்டால் கம்பைலர் செய்த மாற்றமா, சில்லு செய்ததா என்று பிரித்தறிய முடியாது.

ஓடவிட்ட சிறிது நேரத்திலேயே பிசகு எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. எழுதும் பக்கத்திலும் படிக்கும் பக்கத்திலும் 'டிஎம்பி' என்ற தடைக் கட்டளையைப் போட்டவுடன் எண் பூச்சியத்தில் நின்றது. ஒரு பக்கம் மட்டும் போட்டால் போதாது.

மழையில் மின்சாரம் போனாலும் பவர் பேங்கில் பலகை ஓடிக்கொண்டிருக்கிறது. ரிஸ்க்-ஃபைவின் வரிசை விதிகளும் ஆர்மைப் போலத் தளர்வானவையே. அதற்கும் அதன் தடைக் கட்டளையான 'ஃபென்ஸ்' போட்டுவிட்டேன். ஆனால் கையில் பலகை வரும்வரை அந்தக் கோப்பின் தலையில் 'சோதிக்கப்படவில்லை' என்ற வரியை நீக்கப்போவதில்லை.