எட்டாம் பக்கத்தை நிரப்பாமல் விட்டதால் வந்த பில்

குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த அம்மாவை லண்டன் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக் கூட்டி வந்ததும் காலையும் மாலையும் கேரர், அதாவது பராமரிக்கும் ஆட்கள், வரத் தொடங்கினார்கள். முதல் ஆறு கிழமை இலவசம். அதற்குப் பிறகும் அதே ஆட்களே வந்தபடியால், இலவசம் எந்த நாளில் முடிந்தது என்றே எங்களுக்குத் தெரியவில்லை. மேலும் பதினொரு கிழமை கழித்து கவுன்சிலில் (உள்ளூராட்சி மன்றத்தில்) இருந்து 1,144 பவுண்டுக்குப் பில் வந்தது. கிழமைக்கு 104. கேரரை நிறுத்திவிடுவோம் என்று அம்மா அழுதார்.

அம்மாவின் சேமிப்பு 14,250 பவுண்டுக்கு எவ்வளவோ கீழே. அதைக் கணக்கில் எடுப்பதில்லை. வீட்டிலேயே பராமரிப்பு என்றால் குடியிருக்கும் வீட்டின் பெறுமதியையும், பிள்ளைகளின் சம்பளத்தையும் பார்ப்பதில்லை. ஆனால் பராமரிப்புத் தேவைப்படும் முதியவர்களுக்கு அரசாங்கம் தரும் அட்டென்டன்ஸ் அலவன்ஸ் இருக்கிறதே, அப்போது கிழமைக்கு 110.40 பவுண்ட், அதை வருமானமாக எடுத்திருந்தார்கள். கொடுக்கும்போது வருமானம் பார்க்காமல் கொடுக்கிற காசு அது. கவுன்சில் அதைக் கணக்கில் சேர்க்கும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை.

கட்டணத்தைக் கணக்கிட கவுன்சில் கேட்ட ஃபோமை முன்பே நிரப்பிக் கொடுத்திருந்தோம். இரண்டு தரம் போன் எடுத்தேன். "நீங்கள் ஃபோமில் எழுதியபடிதான் போட்டிருக்கிறோம்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். மூன்றாம் தரம் பேசிய பெண்தான் "எட்டாம் பக்கத்தில் ஏன் கோடு போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

அது டிசபிலிட்டியால் வரும் மேலதிகச் செலவுகளை எழுதும் பக்கம். ஃபோம் நிரப்பிய இரவு கேட்டபோது, "நான் என்ன ஊனமே? விழுந்தனான், அவ்வளவுதான்" என்றார் அம்மா. அவர் மனம் நோகக்கூடாது என்று குறுக்கே ஒரு கோடு கீறிவிட்டேன். அந்தக் கோட்டால் கிழமைக்கு 41 பவுண்ட் கூடுதலாகப் போயிருக்கிறது.

கிளினிக் தரும் பேட் (சிறுநீரை உறிஞ்சுவது) போதாமல் நாங்கள் வாங்குவது, படுக்கை விரிப்புத் துவைப்பது, கூடுதல் ஹீட்டிங் எல்லாம் அங்கே எழுதலாம். ஆனால் பற்றுச்சீட்டு வேண்டும். பிஸ்கட் டின்னில் பத்திரமாகப் போட்டு வைத்த துண்டுகளை எடுத்துப் பார்த்தால் பாதியில் எழுத்தே இல்லை, வெள்ளைத் தாள். நல்லவேளையாக மருந்துக்கடைக்காரர் தன் கணக்கைப் பார்த்துத் திரும்ப அச்சடித்துத் தந்தார். வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள். துவைப்பதற்கு ஏது பற்றுச்சீட்டு? மெஷின் ஓடும் ஒவ்வொரு தரமும் கோயில் கலண்டரில் அம்மாவே புள்ளடி போட்டார். 14 நாளில் 23 தரம். அந்தத் தாளையே படம் எடுத்து அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள்.

ஐந்து கிழமையில் கடிதம் வந்தது. இனிக் கிழமைக்கு 63 பவுண்ட், பழைய பில்லிலும் 451 கழிவு. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டிலேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் கேரர் வருகிறார்கள் என்றால், இலவசம் முடியும் திகதியை முதல் கிழமையிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பில் பிழை என்று தோன்றினாலும் அடியோடு கட்டாமல் விடாதீர்கள். முடிந்ததைக் கட்டி, மீதியை மறுபரிசீலனை செய்யச் சொல்லி ஈமெயில் போடுங்கள்.

விழுவதற்கு முந்தைய வருடப் பில் இல்லை என்று ஹீட்டிங் செலவைத் தள்ளிவிட்டார்கள். இரண்டு வருட காஸ் பில்லையும் சேர்த்து நேற்று திரும்ப அனுப்பியிருக்கிறேன்.